பூட்டு எண்

...எண் என்றால் அவருக்குத் தெரியாத எண்ணா, ஊரின் குடிநீர்க் குழாய்கள் அத்தனையும், எந்தத் தெரு முனையில் எந்த வால்வு, அதை எந்தப் பக்கம் திருப்பினால் யார் வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்று வரைபடத்தைப் பார்க்காமலே சொன்னவர், அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் வால்வு ஐயா என்று பெயர் வாங்கியவர், அது காதில் விழுந்தும் கோபித்துக்கொள்ளாமல் உள்ளுக்குள் மகிழ்ந்தவர், அவரிடம் போய் நாலு இலக்கத்தில் ஒரு எண்ணைக் கேட்கிறாள் இந்தப் பெண், அவரும் சொல்லத்தான் வாயைத் திறந்தார், திறந்த வாயில் ஒன்றுமே இல்லை. போன் ரிப்பேர் செய்கிறவள் தலையைக் கூட நிமிர்த்தவில்லை, கழுத்து வளையும் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, டெஸ்ட் பண்ணணும், லாக் நம்பர் சொல்றீங்களா ஐயா என்று ஏதோ மணி கேட்பது போலத்தான் கேட்டாள். அவர் திறந்த வாயை இருமலாக மாற்றினார், கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், சட்டைப்பைக்குள் வைத்தார், பிறகு பழைய அலுவலகக் குரலில், "முதல்ல வேலையை முடிங்க. நானே போட்டுக் காட்டுறேன்" என்றார். "சரிங்க ஐயா, உங்க ரகசியத்த நான் படிச்சிட மாட்டேன்" என்று அவள் சிரித்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவரும் சேர்ந்து சிரித்தான். அவரும் உதட்டை அசைத்து வைத்தார். சரி, நேரம் கிடைத்துவிட்டது, அவள் முடிக்கிற வரைக்கும் நேரம் இருக்கிறது, வந்துவிடும், எங்கே போய்விடப் போகிறது, இது வெறும் களைப்பு, வெயிலில் நடந்து வந்தது, காலையில் மாத்திரை போட்டோமா... போட்டோம்தானே...

மேசைமேல் இரண்டு போன்கள் பிளந்து கிடந்தன. ஒன்று அவருடையது, மூலையில் கீறல் விழுந்து, பேட்டரி உப்பி, பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோவது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கப்பா என்று மகன் சொன்னான், அவர் மாட்டேன் என்றுவிட்டார், ஒரு பொருளை அது உழைக்கிற வரைக்கும் வைத்துக்கொள்வது அந்த வீட்டின் வழக்கம், புதிது புதிதாக மாற்றுகிறவர்களைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் என்று மகனுக்குத் தெரியும். ஆனால் இந்த மாடலுக்குப் புதுப் பாகம் வருவது நின்றுவிட்டது, போலி வருகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை, இதே மாதிரி இன்னொன்று வீட்டில் சும்மா கிடந்தால் கொண்டு வாருங்கள், அதிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம் என்று போன தடவை இவள் சொன்னாள். வீட்டில் கிடந்தது. அண்ணனுடையது. இரண்டு பேரும் ஒன்றாகப் போய், ஒரே கடையில், ஒரே நிறத்தில் வாங்கியது, அண்ணன் போன பிறகு மேசை இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை, பேட்டரியும் அதிகம் உழைக்காதது, அண்ணன் கடைசிக் காலத்தில் யாரிடம் பேசினார், பேச விட்டால்தானே. இப்போது இரண்டும் அக்கம்பக்கமாகக் குடல் தெரியக் கிடக்கின்றன. அவள் சூடான தட்டில் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டை விட்டு நெம்பி, அண்ணன் போனின் கண்ணாடி முகப்பைத் தனியாகப் பெயர்த்தெடுத்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூக்கள், ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த வரிசையில் காந்த விரிப்பின்மேல் வைக்கிறாள். அவருக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. ஒழுங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எண் தானாக வரும்.

எப்படி மறக்கும், தினம் எத்தனை தடவை திறக்கிறோம்... இல்லை, விரலால் திறக்கிறோம். கீழே இருக்கும் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தால் திறந்துகொள்ளும், எண்ணைப் போட்டு எத்தனை காலம் ஆயிற்று, அதுதான், பழக்கம் விட்டுப்போனால் யாருக்கும் வரும் மறதி இது. பிறகு ஏன் உள்ளங்கை வேர்க்கிறது. முகப்பு மாறினால் விரல் வேலை செய்யுமா என்று கேட்டுப் பார்க்கலாமா, செய்யும் என்று அவள் சொல்லிவிட்டால் போதும், எண்ணே வேண்டாம், விரலை வைத்தால் முடிந்தது, கேட்பதைச் சாதாரணமாகக் கேட்க வேண்டும். கேட்டார். "அது நடக்காதுங்க ஐயா. உங்க பட்டனோட பட்டை வயரு இப்ப கழட்டும்போதே அறுந்துடுச்சு, அதனாலதான் அண்ணன் போன் பட்டனையும் சேர்த்து எடுக்கிறேன். ஆனா இந்தப் பட்டன் அந்த போர்டுகிட்ட மட்டும்தான் பேசும், உங்க போர்டு இத நம்பாது. இனிமே நம்பர்தான்." அதோடு விட்டாளா, இடுக்கியை ஆட்டிக்கொண்டு, "முகம் உங்க அண்ணனோடது, மூளை உங்களோடது. அப்படி வச்சுக்கங்க" என்றாள். லாரி டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தான். இவளுக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது, யாருக்குமே தெரியாது, தெரியக்கூடாது என்றுதானே அத்தனையும் செய்தது.

அண்ணனுக்கு முதலில் என்ன போயிற்று, கதவு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிறந்து வளர்ந்த வீட்டின் நடையில் நின்று, குளியலறைக் கதவையும் சாமான் அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி பார்க்கிறான் என்று தெரிந்ததும் சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவினார். அந்தத் தடவல்... எவ்வளவு கெட்டிக்காரத்தனமான தடவல், இருமலுக்குக் கைக்குட்டை எடுப்பது போல. சீ, அதுவும் இதுவும் ஒன்றா. பிறகு பெயர்கள், பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது. இவர்தான் முடிவெடுத்தார், வீட்டில் முடிவெடுக்க வேறு யார், மாடி அறையைக் காலி செய்து, பின்பக்கம் பார்த்த ஜன்னலை மட்டும் திறக்கிற மாதிரி வைத்து, அண்ணனை அங்கே மாற்றினார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில், அண்ணன் இப்போது படிப்பில் இறங்கிவிட்டார், யாரும் மேலே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தங்கை ஒருத்திதான் அழுதாள். இது வியாதி அண்ணா, காய்ச்சல் மாதிரி ஒரு வியாதி, இதில் ஒளிச்சு வைக்க என்ன இருக்கு என்றாள். "வெளியில ஒரு வார்த்தை போகக் கூடாது" என்று இவர் சொன்னார், அதன்பிறகு தங்கை இவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். குறைக்கட்டும். தெருவில் நாலு பேருக்குச் சண்டை என்றால் நியாயம் கேட்டு வருகிற வீடு, அந்த வீட்டு மூத்தவர் வாசலில் நின்று இது யார் வீடு என்று கேட்டால் எப்படி இருந்திருக்கும், ஒருவர் கூடச் சிரிக்கவில்லை, கடைசிவரை அண்ணன் அண்ணனாகவே போய்ச் சேர்ந்தார், அதை யார் காப்பாற்றிக் கொடுத்தது... இன்றைக்கும் அதையேதான் செய்வார். அதையே... அப்படியானால் இப்போது மாடி அறை யாருக்கு. ஜன்னல் அப்படியேதான் இருக்கிறது, இன்னும் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறது.

நிறுத்து. எண்ணைத் தேடு. ஒழுங்காகத் தேட வேண்டும், குழாயில் கசிவைத் தேடுவது போல, ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே வந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். பிறந்த வருடமா, இருக்காது, அப்படி வைக்கிறவர்களைக் கேலி செய்தவர் அவர். வீட்டு எண்ணா, அது மூன்று இலக்கம். ஊழியர் எண், நினைவிருக்கிறது, வரிசையாகச் சொல்ல முடிகிறது, அதுவும் இல்லை, அது ஐந்து இலக்கம். பார், ஊழியர் எண் நினைவிருக்கிறதே, பழைய ஸ்கூட்டரின் எண் நினைவிருக்கிறதே, மருமகளின் பிறந்த நாள்... அது இருக்கட்டும். அண்ணனுக்கும் பழையதெல்லாம் நினைவிருந்தது, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயர் வரைக்கும் சொல்வார், காலையில் வந்தவர் யார் என்றால்தான் முழிப்பார். எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கடை. மனைவி அங்கே மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் கால் போடப் போயிருக்கிறாள், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், அவள் வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும். அவள் முன்னால் இந்தப் பெண் எண்ணைக் கேட்டு, இவர் வாயைத் திறந்து, அதில் ஒன்றும் இல்லாமல்... அவளுக்கு ஒரு பார்வை போதும். அண்ணனுக்குச் சோறு ஊட்டியவள் அவள்தானே, ஒவ்வொரு படியும் அவளுக்குத் தெரியும், முதல் படி எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய தோள் தெரிகிறது. இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறாள்.

"ஐயா, இது தானா அணைஞ்சு அணைஞ்சு போகுதுன்னீங்களே" என்றாள் ரிப்பேர்க்காரி, அண்ணனின் பேட்டரியை அவருடைய போனுக்குள் அழுத்திக்கொண்டே. ஆமாம் என்றார். "ஒவ்வொரு தடவை அணைஞ்சு எரியும்போதும் நம்பர் கேட்டிருக்குமே. விரல ஏத்துக்காதே அப்போ. ரொம்பப் பாடுதான் உங்களுக்கு." அவர் ஆமாம் என்று மறுபடி சொன்னார், சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. கேட்டிருக்கும். தினமும் கேட்டிருக்கும். அப்படியானால் தினமும் எண்ணைப் போட்டிருக்கிறார், நேற்றுக்கூடச் சாயங்காலம் அணைந்தது, பிறகு திறந்துதான் செய்தி படித்தார், படித்தது நன்றாக நினைவிருக்கிறது, எந்தச் செய்தி என்றுகூடச் சொல்ல முடியும், திறந்தது எங்கே, அந்த இடம் மட்டும் எங்கே போயிற்று, ஒரு படத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டியது போல... காதுக்குள் இரைச்சல். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதுகை நிமிர்த்து, முதுகை மட்டும் விடக் கூடாது. டிரைவர் அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான், "எங்க மாமனார் ஒருத்தர் இருக்காருங்க, நம்பர மறந்துட்டு போனப் போட்டுக் குத்து குத்துன்னு குத்தி, கடைசியில எல்லாமே அழிஞ்சு போச்சு. மாமியார் போட்டோ ஒண்ணுகூட மிச்சமில்ல. அந்தம்மா நல்லதாப் போச்சுன்னாங்க, எல்லாத்துலயும் கண்ண மூடிட்டு இருந்தேன்னு." ரிப்பேர்க்காரி குலுங்கிச் சிரித்தாள். அவரும் சிரித்தார், சரியான இடத்தில் சிரித்தோமா என்று ஒரு சந்தேகம் வந்தது, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

அண்ணன் குத்தவில்லை, தட்டினார். மாடி அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இதே கண்ணாடியை, ஒரே இடத்தில், விரலை மடக்கி, உள்ளே யாரோ இருப்பது போல. திறக்க மாட்டேங்குது தம்பி என்றார். அதில் பூட்டே இல்லை, பூட்டை இவர்தான் எடுத்துவிட்டிருந்தார், திறந்து கிடந்த போனைத்தான் தட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். அந்தக் கண்ணாடிதான் இப்போது விளக்கடியில், அவருடைய போன்மேல், நாலு பக்கமும் அழுத்தி ஒட்டப்படுகிறது. ஒட்டாதே என்று சொல்லிவிடலாமா, எழுந்து போய்விடலாமா, வேண்டாம் அம்மா, புதிது வாங்கிக்கொள்கிறேன் என்று. கண்ணாடியில் என்ன இருக்கிறது, மணலை உருக்கிச் செய்தது, அதற்கு ஞாபகமும் கிடையாது மறதியும் கிடையாது, இப்படியெல்லாம் பயப்படுகிற ஆளா அவர். இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர். அந்த விடியற்காலை, மேட்டுத் தொட்டியிலிருந்து இறங்கும் பெருங்குழாய் வெடித்து, தெரு ஆறாக ஓடி, ஆட்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் சட்டையோடு இறங்கினார், சேற்றுத் தண்ணீருக்குள் கண் தெரியாது, காலால் துழாவி மூடியைக் கண்டுபிடித்து, குனிந்து கையால் தடவி, வார்ப்பிரும்பில் புடைத்திருந்த எண்ணை விரலால் படித்தார், இதுதான், இதுதான் என்று... இதுதான். இதேதான். நாலு இலக்கம். அந்த வால்வின் எண்ணைத்தான் வைத்தார், போன் வாங்கிய அன்றே வைத்தார், அண்ணன் பக்கத்தில் நின்று, உனக்கு வேற நம்பரே கிடைக்கலையா என்று கேலி செய்தார். வந்துவிட்டது. மார்பு இறங்கியது, மூச்சு எங்கேயோ போயிருந்தது திரும்பி வந்தது, கடைக்குள் சாம்பிராணி வாசம் இருப்பதே இப்போதுதான் மூக்கில் பட்டது. பார்த்தாயா, வெயில்தான், களைப்புதான். ஒரு சாதாரண மறதிக்கு மாடி அறை வரைக்கும் போய்விட்டாயே முட்டாளே என்று தன்னைத்தானே செல்லமாகத் திட்டிக்கொண்டார்.

போனில் வெளிச்சம் வந்தது. ரிப்பேர்க்காரி அதைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கி, அவளுக்குத் தெரியும்படியே, ஒளிக்க என்ன இருக்கிறது, நிதானமாக நாலு இலக்கத்தையும் போட்டார். எண்கள் நடுங்கி அழிந்தன. மறுபடி போட்டார், விரல் எங்காவது வழுக்கியிருக்கும். நடுங்கி அழிந்தன. மூன்றாவது தடவை ஒவ்வொரு இலக்கத்தையும் அழுத்திப் பார்த்துப் பார்த்துப் போட்டார், ஒவ்வொன்றும் சரியாகத்தான் விழுந்தது, நடுங்கியது, அழிந்தது. உலகத்தில் எது தவறாக இருந்தாலும் இந்த எண் தவறாக இருக்க முடியாது, விரலால் படித்த எண். "உங்க கண்ணாடி சரியில்ல" என்றார். குரல் அவருக்கே கடுமையாகக் கேட்டது. "ஒண்ணு அழுத்தினா ஒண்ணு விழுது." அவள் முகம் சுருங்கிவிட்டது. "இருக்காதுங்களே, போட்டதும் பார்த்தேனே" என்று வாங்கி, ஏதோ ஒரு சோதனைப் பக்கத்தை வரவழைத்து, விரலால் கட்டம் கட்டமாகத் தடவினாள், தடவிய இடமெல்லாம் பச்சையாயிற்று, ஓரம் மூலை எல்லாம், ஒரு கட்டம் பாக்கியில்லாமல். "டச் நல்லா இருக்குங்களே ஐயா." டிரைவர் இப்போது சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த போன் உறைகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான், அந்தத் திரும்பலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை, மரியாதைக்காகத் திரும்புவது, மாடிப்படியைப் பார்த்தும் பார்க்காதது போல விருந்தாளிகள் திரும்பினார்களே, அவர்களும் அப்படித்தானோ, எல்லாருக்கும் தெரிந்தே இருந்ததோ... "இல்ல. கழட்டி மறுபடி பாருங்க" என்றார். அவள் தட்டைச் சூடேற்ற ஆரம்பித்தாள். நல்ல வேலையை அவள் பிரிக்கப் போகிறாள், அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்.

"இன்னும் முடியலையா" என்ற குரல் முதுகுக்குப் பின்னால். மனைவி. கண்ணாடி அணிந்திருந்தாள், புதுக் கால் ஒன்று பழையது ஒன்று, நிறம் கொஞ்சம் மாறித் தெரிந்தது. "முடிஞ்சிருச்சும்மா, ஐயா நம்பர் போட்டாரு, எடுக்கல, டச்சுல ஏதோன்னு சொல்றாரு" என்றாள் ரிப்பேர்க்காரி. மனைவி அவரைப் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போனாள், போனை எடுத்தாள், புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாள், நாலு தட்டு. திறந்துகொண்டது. பேரன் படம் வந்தது, மேலே செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. "பழைய சாவியப் போட்டா புதுப் பூட்டு எப்படிங்க திறக்கும்" என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு ரிப்பேர்க்காரியிடம், "நம்பர மாத்திட்டு பழசையே போடுவாரு, எப்பவும் அப்படித்தான். நல்லா பண்ணியிருக்கம்மா, கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு" என்றாள். கடைக்குள் எல்லாம் ஒரே நொடியில் சாதாரணமாகிவிட்டது. டிரைவர் திரும்பி, "நம்ம வீட்டுலயும் இதே கதைதாம்மா" என்றான். ரிப்பேர்க்காரி தட்டை அணைத்தாள். மனைவி எவ்வளவு சுத்தமாக மூடினாள், ஒரு சொட்டு வெளியே போகாமல், அவரால்கூட அத்தனை சுத்தமாக மூடியிருக்க முடியாது. அவர் எழுந்தார், அண்ணனின் போனில் மிஞ்சியதை ரிப்பேர்க்காரி ஒரு உறையில் போட்டுத் தந்தாள், வாங்கிக்கொண்டார், வருகிறேன் என்று தலையசைத்தார், எல்லாம் முறையாகச் செய்தார்.

தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அவள் இரண்டடி முன்னால் நடந்தாள், அவர் கேட்கவே கூடாது என்று நினைத்தார், கேட்காமல் இருந்தால் அது இல்லாமலே போய்விடும், அண்ணன் காலத்தில் அப்படித்தானே இருந்தோம், கேட்காமல், சொல்லாமல், கௌரவமாக... "எப்ப மாத்தினேன்" என்றார். அவள் நின்றாள். "மழைக்காலத்துல. நீங்களே மாத்தி எங்கிட்ட சொன்னீங்க. பழைய நம்பர் ஒருநாள் வரலைன்னு ரொம்பப் பயந்துட்டீங்க, இனிமே நீ வச்சுக்கோன்னீங்க. அணைஞ்சா நான்தான் திறந்து குடுக்கிறேன்." பேச்சு அத்தனை சாதாரணமாக இருந்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல இத்தனை நாளா" என்று கேட்டார். "நீங்க கேக்காத வரைக்கும் சொல்லக் கூடாதுன்னீங்க. கேட்டா மறைக்கக் கூடாதுன்னும் சொன்னீங்க" என்றாள். மழைக்காலம். அப்படியானால் இந்தப் பயத்தை ஏற்கெனவே பட்டிருக்கிறார், முழுதாக, வேர்வையோடு, மாடி அறை வரைக்கும் போய், உட்கார்ந்து யோசித்து ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறார், அந்தப் பயமே மறந்துபோய்விட்டது, இன்று புத்தம் புதிதாக மறுபடி பட்டிருக்கிறார். தூரத்தில் பஸ்ஸின் தலை தெரிந்தது. "இதுக்கு முன்னாடி கேட்டிருக்கேனா நான்" என்றார், மெதுவாக, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி. அவள் அவர் முகத்தையே பார்த்தாள், அந்தப் பார்வையில் திகைப்பு இல்லை, கேள்வி புதிதாக இருந்தால் கொஞ்சமாவது திகைப்பு இருந்திருக்கும், அது பதில் தெரியாதவளின் பார்வை இல்லை, கைவசம் இருக்கும் பதில்களில் இன்றைக்கு எதைக் கொடுப்பது என்று பார்க்கிறவளின் பார்வை...